தோட்டத்து வீட்டுப் போன் ஊமையானால்: கோளாறு உள்ளேயா, வெளியேயா?

கைப்பேசி எல்லார் சட்டைப் பையிலும் வந்துவிட்ட பிறகு வீட்டில் போன் எதற்கு என்று நகரத்தில் கேட்கலாம். நெகிரி செம்பிலானில் பகாவ், கோல பிலா, ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் வேறு. செம்பனை மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் லயங்களில் கைப்பேசி அலை ஒரு மூலையில் கிடைக்கும், இன்னொரு மூலையில் கிடைக்காது. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தொடுதிரையில் விரல் வழுக்குகிறவர்களுக்குப் பெரிய பொத்தான் வைத்த பழைய போன்தான் தோது. அந்தப் போனை இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை என்றால் கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வயிற்றைக் கலக்கிவிடும்.

அப்படி ஒரு போன் செத்துவிட்டால் பல வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் புதுப் போன் வாங்குவார்கள். அதுவும் பேசாது. பிறகு தெரிந்த வயர்மேனை அழைப்பார்கள். அவர் சுவரில் ஓடும் கம்பியை எல்லாம் மாற்றிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். அப்போதும் பேசாது. கடைசியில் பார்த்தால் சாலையோரக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டியது டெலிகோம் நிறுவனம். வீட்டுக்காரர் அதுவரை செலவழித்தது அத்தனையும் வீண். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நிறுவனத்துக்குப் புகார் செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தால், வந்தவர் ஒரு நிமிடம் சோதித்துவிட்டு, “எங்கள் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளே” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆகவே போன் ஊமையானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு சாதாரணப் போனும் ஒரு ஸ்குரு டிரைவரும் போதும்.

கம்பி வரும் வழி

தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் பெரிய கேபிள் சாலையோர இரும்புப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கிளை பிரிந்து கம்பங்களின் மேல் இருக்கும் சிறு பெட்டிகளுக்குப் போகிறது. கம்பத்துப் பெட்டியிலிருந்து கறுப்பு உறை போட்ட ஒரு கம்பி வீட்டின் கூரை ஓரத்துக்கு வரும். அந்த உறைக்குள் வீட்டுக்கென்று இருப்பது இரண்டே இரண்டு செம்பு இழைகள். அவை சுவரில் வந்து முடியும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டியோ சாக்கெட்டோ இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அதை ‘முதல் பெட்டி’ என்றே அழைக்கலாம். எல்லாச் சோதனைக்கும் அதுதான் எல்லைக்கல். பொதுவாக, முதல் பெட்டி வரை வருவது நிறுவனத்தின் பொறுப்பு. அதைத் தாண்டி கூடத்துக்கும் அறைக்கும் இழுத்துக்கொண்ட கம்பி வீட்டுக்காரர் பொறுப்பு.

பழைய லயத்து வீடுகளில் இந்தப் பெட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஐந்தாங்கால் தூணிலோ, சன்னல் சட்டத்துக்கு மேலோ, பலமுறை சுண்ணாம்போ சாயமோ பூசப்பட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும். ஒரு காலத்தில் தோட்டத்தில் போன் என்றால் அது ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். பிரசவச் செய்தியோ சாவுச் செய்தியோ, கிராணி ஆள் அனுப்பித்தான் லயத்துக்குத் தெரிவிப்பார். தொலைத்தொடர்பு இலாகா 1987-இல் நிறுவனமாக மாறியது. பழையவர்கள் வாயில் அது இன்றும் ‘டெலிகோம்’தான். லயத்துக்குப் போன் வந்த காலத்தில் போட்ட பெட்டிகள் பல வீடுகளில் அப்படியே நிற்கின்றன. சிலவற்றில் பிளக் செருகும் துளையே இருக்காது. போனின் கம்பி நேராக ஸ்குருவில் முடுக்கப்பட்டிருக்கும்.

இந்த இரண்டு இழைகளில்தான் பேச்சும் வருகிறது, போனுக்கு வேண்டிய மின்சாரமும் வருகிறது. தொலைபேசி நிலையத்தில் இருக்கும் பெரிய மின்கலங்கள் ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரத்தைக் கம்பியில் செலுத்திக்கொண்டே இருக்கின்றன. புயலில் தெனாகா கரண்டு போனாலும் கம்பி வைத்த சாதாரணப் போன் பேசுவது இதனால்தான். ரிசீவரை எடுத்ததும் இரண்டு இழைகளும் போன் வழியாக ஒன்றோடொன்று இணைந்து மின்னோட்டம் ஓடத் தொடங்கும். நிலையம் அதைக் கண்டுகொண்டு டயல் டோன் கொடுக்கும். மணி அடிக்க மட்டும் 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுமின்சாரம் வரும். வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருக்கும் நேரத்தில் யாராவது அழைத்தால் சுருக்கென்று அடிப்பது அதுதான். ஆளைக் கொல்லாது என்றாலும், ஏணி மேல் நிற்கிறவரைத் தள்ளிவிடப் போதும். இதய பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

தோட்டங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது தூரம். 0.5 மில்லிமீட்டர் செம்புச் சோடி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 170 ஓம் மின்தடை கொடுக்கும். நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிவிஷனுக்கு வருவதற்குள் 850 ஓம் சேர்ந்துவிடும். டவுன் வீட்டில் ஒரு ஸ்குரு லேசாகத் தளர்ந்தாலும் போன் சமாளித்துக்கொள்ளும். தோட்டத்து வீட்டில் அதே தளர்ச்சி குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கிவிடும்.

பத்து நிமிடச் சோதனை

முதலில் வீட்டில் உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். கூடத்துப் போன், அறையில் இருக்கும் இரண்டாவது போன், ஃபேக்ஸ், பழைய இணைய மோடம், எச்சரிக்கை மணி என்று எதுவாக இருந்தாலும் பிளக்கை எடுத்துவிட வேண்டும். கெட்டுப்போன ஒரே ஒரு கருவி மொத்த லைனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரும் பயன்படுத்தாமல் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் மோடம்தான் பல நேரம் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு போனை மட்டும் செருகிப் பார்த்தால் சில வீடுகளில் அத்தோடு டயல் டோன் திரும்பிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகினால் எது கெடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

சோதனைக்கு எடுக்கும் போன் சுவர்க் கரண்டு தேவைப்படாத, சுருள் கம்பி வைத்த சாதாரணப் போனாக இருக்க வேண்டும். கம்பியில்லாப் போனின் அடிப்பெட்டிக்கு அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர் எரிந்துபோனால் லைன் நன்றாக இருந்தாலும் போன் செத்ததுபோல்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தப் போனை அண்டை வீட்டு லைனில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது. போனுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தட்டைக் கம்பியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மேசைக் காலுக்கு அடியில் நசுங்குவதும், எலி கடிப்பதும், பூனை விளையாடுவதும் அந்தக் கம்பியில்தான்.

அப்போதும் சத்தம் இல்லையென்றால் முதல் பெட்டிக்குப் போக வேண்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஸ்குருக்களில் இரண்டு சோடிக் கம்பிகள் முடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒரு சோடி வெளியிலிருந்து வருவது. மற்றது வீட்டுக்குள் போவது. எது எது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகும் சோடியை மட்டும் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். இப்போது பெட்டியில் இருப்பது நிறுவனத்தின் கம்பி மட்டுமே. சோதனைப் போனை அங்கேயே இணைத்துக் கேட்க வேண்டும். பெட்டியில் துளை இல்லையென்றால், பழைய போன் கம்பி ஒன்றின் ஒரு முனையை வெட்டி நடுவில் உள்ள இரண்டு இழைகளின் உறையைச் சீவி, அந்த இரண்டு ஸ்குருக்களிலும் வைத்துப் பிடித்தால் போதும்.

டயல் டோன் கேட்டால் கோளாறு வீட்டுக்குள். கேட்காவிட்டால் வெளியே, ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் புகார் செய்யலாம். வயர்மேனுக்குக் கூலி கொடுக்கும் முன் இதைச் செய்யாமல் விட்டால் நட்டம் வீட்டுக்காரருக்கே.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு

20, 30 ரிங்கிட்டுக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சின்ன மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஊகிக்கவே வேண்டியதில்லை. கரண்டு பார்க்கும் டெஸ்ட் பேனா இங்கே உதவாது. 48 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு அதன் விளக்கு எரியாது என்பதால், லைன் செத்துவிட்டது என்று தவறாக நினைக்க வைக்கும்.

மீட்டரை நேர்மின்சாரம் 200 வோல்ட் அளவில் வைத்து, போன் கீழே வைக்கப்பட்ட நிலையில் இரண்டு ஸ்குருக்களிலும் தொட்டால் 48-க்கு அருகில் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் மீட்டரின் சிவப்பும் கறுப்பும் மாறித் தொடுகிறது என்று மட்டும் பொருள். ரிசீவரை எடுத்ததும் அது ஏறக்குறைய 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும்.

எதுவும் காட்டாமல் பூச்சியமாக இருந்தால் கம்பி அறுந்திருக்கும், அல்லது இரண்டு இழைகளும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். போன் எடுக்காத நிலையிலேயே 10, 20, 30 என்று நடுவாந்தரமாகக் காட்டினால் வேறொரு கருவி லைனைப் பிடித்திருக்கிறது அல்லது ஈரம் இறங்கிக் கசிகிறது. வீட்டுச் சோடியைக் கழற்றிய பிறகும் அப்படியே காட்டினால் கசிவு வெளியே இருக்கிறது.

வீட்டுக் கம்பியைத் தனியாகச் சோதிக்க, அதை முதல் பெட்டியிலிருந்து கழற்றி, எல்லாப் போன்களையும் எடுத்துவிட்டு, மீட்டரை ஓம் அளவுக்கு மாற்றித் தொட வேண்டும். எதுவும் ஓடவில்லை என்று காட்டினால் நல்லது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு இழைகளும் சுவருக்குள் எங்கோ ஒட்டிவிட்டன. அடுத்து, தூரத்து முனையில் இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி பார்த்தால் சில ஓம்கள் மட்டும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நடுவில் அறுந்திருக்கிறது. மின்சாரம் வந்துகொண்டிருக்கும் கம்பியில் ஓம் அளவை வைத்துத் தொடக்கூடாது. மீட்டர் கெட்டுப்போகலாம்.

சத்தத்தை வைத்து நோய் அறிதல்

மழை பெய்தால் கரகரப்பு, வெயில் அடித்தால் தெளிவு என்றால் எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் புகுகிறது. தோட்டத்து வீடுகளில் அது பெரும்பாலும் கூரை ஓரத்தில், செலோடேப் சுற்றிய இணைப்பாக இருக்கும். செலோடேப்பும், ஏன், கறுப்பு வயரிங் டேப்பும் இந்த வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. பசை உருகி உள்ளே ஈரம் நின்று, செம்பில் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த முனையைச் சுரண்டி மீண்டும் முறுக்குவது ஒரு வாரத்து வைத்தியம். வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்வரை உறையைச் சீவி, உள்ளே களிம்பு நிறைத்த சிறு இணைப்பான்களில் வைத்து பிளையரால் அழுத்துவதே சரி. டெலிகோம்காரர்கள் பயன்படுத்தும் பொத்தான் போன்ற அந்த இணைப்பான் விலை அதிகமில்லை.

இடைவிடாத ‘ம்ம்ம்’ என்ற உறுமல் வேறு வகை. போன் கம்பி கரண்டுக் கம்பியோடு ஒட்டி நெடுந்தூரம் ஓடினாலோ, இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் ஈரச் சுவரையோ துத்தநாகக் கூரையையோ தொட்டாலோ இது வரும். லயத்து வீடுகளில் ஒரே விட்டத்தில் விளக்குக் கம்பியும் போன் கம்பியும் பின்னிப் பிணைந்து போவதைப் பார்க்கலாம். அவற்றைப் பிரிக்க வேண்டும். உறை கிழிந்த கரண்டுக் கம்பி போன் கம்பியைத் தொட்டால் உறுமலோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சேர்ந்து ஓடக்கூடாது.

‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் செம்புக் கம்பியிலேயே இணையம் பெறும் வீடுகளுக்கு உரியது. 2001-இல் ஸ்திரீமிக்ஸ் வந்தபோது ஒவ்வொரு போனுக்கும் முன்னால் செருகக் கொடுக்கப்பட்ட சின்ன வடிகட்டிப் பெட்டி இதற்குத்தான். மோடமுக்கு அது வேண்டாம். மற்ற எல்லாப் போனுக்கும் வேண்டும்.

வெளியிலிருந்து அழைக்கிறவர்களுக்கு எப்போதும் பிஸி என்று வருகிறதா? எங்கோ ஒரு ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது கம்பிகள் ஒட்டியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் வந்துபோன மறுநாள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளறைப் போனை.

மணி ஒருமுறை அடித்து நின்றுவிடுவது ஈரக் கசிவின் அடையாளம். மணிக்கான மின்சாரம் கசிவு வழியே ஓடுவதை, யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று நிலையம் நினைத்துக்கொள்கிறது. மணியே அடிக்கவில்லை, ஆனால் எடுத்தால் பேச முடிகிறது என்றால் போனின் அடியில் உள்ள மணிச் சுவிட்சைப் பார்க்க வேண்டும். துடைக்கும்போது அது நகர்ந்துவிடும். அல்லது ஒரே லைனில் நான்கு, ஐந்து போன்கள் மாட்டப்பட்டு, மணி அடிக்கும் சக்தி எல்லாவற்றுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். நிலையத்துக்குத் தொலைவில் உள்ள வீடுகளில் இரண்டு போனுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

டயல் டோன் வருகிறது, எண்ணை அழுத்தினால் நிற்கவில்லை என்றால், பழைய போன்களில் பக்கவாட்டில் இருக்கும் ‘டோன், பல்ஸ்’ சுவிட்சை டோனுக்கு மாற்ற வேண்டும். மிகப் பழைய பொத்தான் போன்கள் சிலவற்றில் இரண்டு இழைகளும் இடம் மாறினாலும் இப்படி ஆகும். புதிய போன்களுக்கு எது எங்கே இருந்தாலும் ஒன்றுதான். உள்ளே வரும் அழைப்பு வருகிறது, வெளியே மட்டும் போகவில்லை என்றால், கம்பியைத் தொடும் முன் கட்டணப் பாக்கியைப் பார்ப்பது உத்தமம்.

வேறு யாரோ பேசுவது மெல்லக் கேட்டால் அது வெளியே, கேபிளுக்குள் தண்ணீர் புகுந்ததாக இருக்கலாம். வீட்டில் அதற்கு வைத்தியம் அரிது.

புதுச் சாக்கெட் போடுவது

சாக்கெட்டின் உள்ளே பார்த்தால் சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று நான்கு கம்பிகள் இருக்கும். ஒரு லைனுக்கு வேண்டியவை சிவப்பும் பச்சையும் மட்டுமே. அவைதான் ஆர்ஜே-11 துளையின் நடு இரண்டு ஊசிகளுக்குப் போகின்றன. கறுப்பும் மஞ்சளும் இரண்டாவது லைனுக்கு. வீட்டில் ஒரே லைன்தான் என்றால் அவற்றை மடித்து ஒதுக்கிவிடலாம். சில மலிவுச் சாக்கெட்டுகளில் நிறங்களை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பதால், நிறத்தை நம்புவதைவிட நடு ஊசி இரண்டுக்கும் எந்தக் கம்பி போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது மேல்.

சுவர்க் கேபிளில் நிறங்கள் வேறு. நீலமும், நீலக் கோடு போட்ட வெள்ளையும் ஒரு சோடி. ஆரஞ்சும், ஆரஞ்சுக் கோடு போட்ட வெள்ளையும் இன்னொரு சோடி. ஒரே சோடியின் இரண்டு இழைகளையே எடுக்க வேண்டும். நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று கலந்தாலும் போன் பேசும். ஆனால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை என்பதால் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். ஒரு சோடி அறுந்துவிட்டால் சுவரை உடைக்காமல் அதே கேபிளின் மற்றச் சோடிக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு முனைகளிலும் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

உறையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சீவ வேண்டாம். கத்தி செம்பைக் கீறினால் அந்த இடத்தில்தான் பிறகு முறியும். இழையை ஸ்குரு முடுக்கும் திசையிலேயே சுற்றிவிட்டு முடுக்கினால் அது நழுவாது. கூடத்துச் சாக்கெட்டிலிருந்து அறைக்கு நீட்டும்போது சிவப்பு இருக்கும் ஸ்குருவிலிருந்து சிவப்புக்கும், பச்சையிலிருந்து பச்சைக்கும் கொண்டுபோனால் போதும். சாக்கெட்டைத் தரையோடு ஒட்டி வைக்காமல் முழங்கால் உயரத்தில், துளை கீழ்நோக்கிப் பார்க்கும்படி வைத்தால் தூசியும் ஈரமும் எறும்பும் குறையும். எறும்புகள் சாக்கெட்டுக்குள் கூடு கட்டிச் செம்பு ஊசிகளைக் கெடுப்பது இந்நாட்டு வீடுகளில் புதிதல்ல. உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். பூச்சி மருந்தை உள்ளே அடிப்பது கூடாது.

வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்றால் சுவரைத் துளைக்கும் முன் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மின்னல்

உலகில் மின்னல் மிகுதியாக விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. திறந்த வெளியில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் நீண்ட போன் கம்பி மின்னலுக்கு நல்ல பாதை. முதல் பெட்டியில் மண்ணுக்குப் போகும் ஒரு பச்சைக் கம்பியும் சிறு உருளை போன்ற பாகமும் இருந்தால் அவை மின்னல் தடுப்புக்கானவை. எதற்கென்று தெரியவில்லையே என்று வயர்மேன்கள் அதைக் கழற்றிப் போட்டுவிடுவது உண்டு. அப்படிச் செய்ய விடக்கூடாது. இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவதே மலிவான காப்பு. இடி நேரத்தில் கம்பி வைத்த போனில் பேசுவதும் பெட்டியைத் திறப்பதும் கூடாது. அடுப்படியில் கை ஈரத்தோடு நிற்பவர் ஓடிவந்து போனை எடுக்கும் பழக்கத்தையும் அந்த நேரத்தில் விட்டுவிட வேண்டும்.

இடிக்குப் பிறகு போன் செத்திருந்தால் மேலே சொன்ன அதே முதல் பெட்டிச் சோதனைதான். பல நேரம் லைன் நன்றாக இருக்கும்; போனும் மோடமும் மட்டும் போயிருக்கும்.

ஃபைபர் வந்த வீடுகளில்

யூனிஃபை 2010 மார்ச்சில் தொடங்கியது. ஃபைபருக்கு மாறிய வீடுகளில், பழைய சுவர்ச் சாக்கெட் வேலை செய்யவில்லை என்பதே பழுதல்ல. அங்கே போன் எண் கண்ணாடி இழை வழியாக மோடத்துக்கு வருகிறது. மோடத்திலோ ரௌட்டரிலோ ‘போன்’ அல்லது ‘டெல்’ என்று எழுதிய துளையில்தான் போனைச் செருக வேண்டும். அறையில் உள்ள பழைய சாக்கெட்டும் பேச வேண்டும் என்றால், அந்தத் துளையிலிருந்து ஒரு கம்பியைப் பழைய சாக்கெட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் முதல் பெட்டியில், வெளியிலிருந்து வரும் செம்புச் சோடியை வீட்டுக் கம்பியிலிருந்து முழுதாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தால் நிலையத்து மின்சாரம் மோடத்துக்குள் புகுந்து அதைக் கெடுக்கக்கூடும்.

மாறும் முன் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஃபைபர் போனுக்கு வீட்டுக் கரண்டு வேண்டும். தெனாகா கரண்டு போனால் மோடம் அணையும், போனும் அணையும். தனியாக இருக்கும் நோயாளி இரவில் 999-ஐ அழைக்க நம்பியிருப்பது அந்தப் போன் ஒன்றையே என்றால், மோடத்துக்கு ஒரு சிறு மின்கலக் காப்புப் பெட்டி வாங்கி வைப்பது அவசியச் செலவு. இல்லையேல் எந்தச் சன்னலோரத்தில் கைப்பேசி அலை கிடைக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கைப்பேசியை எப்போதும் சார்ஜில் வைத்திருக்க வேண்டும்.

புகார் செய்யும்போது

கோளாறு வெளியே என்று தெரிந்துவிட்டால் டிஎம் நிறுவனத்தின் 100 எண்ணுக்கு அழைக்கலாம். “போன் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்வதைவிட, “வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு முதல் பெட்டியில் சோதித்தேன், அங்கேயே டயல் டோன் இல்லை” என்று சொன்னால் பாதிக் கேள்விகள் குறையும். மீட்டர் காட்டிய வோல்ட் தெரிந்தால் அதையும் சொல்லலாம். புகார் எண்ணையும் நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். உள்கம்பி வேலைக்குக் கட்டணம் உண்டா என்பதை ஆள் வரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வந்தவரிடம் அடையாள அட்டை கேட்பதில் தப்பில்லை.

கம்பம் சாய்ந்திருந்தால், கம்பி சாலையில் தொங்கினால், அல்லது இரண்டு கம்பத்துக்கு நடுவே கேபிளே காணவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். செம்புக் கேபிள் திருட்டு நாடு முழுக்க உள்ள தொல்லை. லயம் முழுக்க ஒரே நேரத்தில் போன் செத்திருந்தால் பெரும்பாலும் அப்படி ஏதாவதுதான் நடந்திருக்கும். அப்போது அக்கம்பக்கத்து வீடுகளின் எண்களையும் சேர்த்துக் கொடுத்தால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கும் எளிது. அறுந்து தொங்கும் கம்பியை யாரும் தொடக்கூடாது. அது கரண்டுக் கம்பியின் மேல் விழுந்து கிடக்கலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலமுறை புகார் செய்தும் ஆள் வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 1-800-188-030 எண்ணுக்குப் புகாரைக் கொண்டுபோகலாம். நிறுவனம் கொடுத்த புகார் எண்ணை அங்கே கேட்பார்கள்.

தோட்டத்து முகவரியைக் கண்டுபிடிப்பது வெளியாளுக்குச் சுலபமில்லை. தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், பக்கத்தில் இருப்பது கோயிலா தமிழ்ப்பள்ளியா ஆயாக்கொட்டகையா, பெருஞ்சாலையில் எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். தொடர்புக்கு வீட்டுப் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் போன்தான் பேசவில்லையே; கொடுக்க வேண்டியது அலை கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணை.